ஒன்பது தடவை எழுந்து நின்ற கதை

வியன்னா, 1932 பிப்ரவரி 11

மதிப்பிற்கும் அன்புக்கும் உரிய சட்ட முனைவர் ஒத்மார் ஹவ்லிக் அவர்களுக்கு (அரசாங்கம் பறித்தது பதவியைத்தான், பல்கலைக்கழகம் கொடுத்த பட்டத்தை அல்ல என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன்),

உன் அண்ணன் வென்ட்செல், ஓய்வுபெற்ற கோர்ட் டவாலி, எழுதிக்கொண்டது. நானும் ஹெர்மினும் சுகம். என் வலது முழங்கால் மட்டும் சுகமில்லை, அந்த விஷயம் பின்னால் வருகிறது. ஸ்வெட்டலில் நீ சுகமா? ஏழு வருடமாக நீ பதில் போட்டதில்லை, ஆகையால் சுகம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

சென்ற அக்டோபரில் எங்கள் ஓய்வுபெற்ற டவாலிகள் சங்கத்துக்கு ஒரு படக் கம்பெனிக்காரன் வந்தான். பேசும் படம் எடுக்கிறார்களாம், கோர்ட் வாசலில் உட்கார ஓர் ஆள் வேண்டுமாம், வசனம் கிடையாது, உட்கார்ந்தால் போதும் என்றான். உட்காருவதில் எனக்கு முப்பத்தொரு வருட அனுபவம், உடனே ஒப்புக்கொண்டேன். பிறகுதான் கதையைக் கேட்டேன். தப்பு செய்து பதவி இழந்த ஓர் அரசு வழக்கறிஞர், கடைசியில் நிஜக் கொலைகாரனைத் தானே தேடிப் பிடிக்கிறாராம். நீ பயப்படாதே, அது உன் கதை இல்லை. அந்த ஆள் ஒரு பாடகிக்காகச் சாட்சிக் காகிதத்தை மறைக்கிறான். உனக்குப் பாட்டென்றாலே ஆகாது. நீ டிராம் கண்டக்டரின் வாக்குமூலத்தை இழுப்பறையில் போட்டுப் பூட்டியதும், அதனால் ஒரு ஹோட்டல் சர்வர் இரண்டு வருடம் உள்ளே கிடந்ததும், பிறகு நீயாகவே கோர்ட்டில் எழுந்து அதைச் சொன்னதும் கம்பெனிக்காரனுக்குத் தெரியாது. ஹெர்மின் மட்டும், "போகாதீங்க, போனா ஏதாவது செஞ்சு வெப்பீங்க" என்றாள். அவள் வாக்கு பலிக்காமல் போனது முப்பத்தெட்டு வருடத்தில் இரண்டே முறை.

படப்பிடிப்புக் கொட்டகைக்குள் நுழைந்ததும் என்னை அறியாமல் தொப்பியைக் கழற்றிவிட்டேன். நம் கோர்ட்டை விட நல்ல கோர்ட்! பளிங்குத் தூணைத் தட்டிப் பார்த்தேன், டொக்கென்றது, அட்டை. பின்பக்கம் போனால் வெறும் முட்டுக்கட்டைகள். ஆனால் விளக்குகளைப் போட்டார்கள் பார், அட்டை பளிங்காகிவிட்டது, ஓட்டை தெரியவில்லை, நீதி தேவதையே குடிவந்த மாதிரி இருந்தது. தலைக்கு மேலே ஒரு கம்பில் சின்னப் பெட்டி ஒன்று தொங்கியது, அதற்குக் காது உண்டாம். தூசிக்கு நான் இருமினேன், அதைப் பிடித்து வைத்துத் திரும்பப் போட்டுக் காட்டினார்கள். தம்பி, அறுபத்தாறு வயதில் என் இருமலை நான் அன்றுதான் கேட்டேன். அது அப்பாவின் இருமல். செருப்புத் தைத்துக்கொண்டே இருமுவாரே, அதே இருமல். செத்து இருபது வருடமான மனிதர் ஒரு பெட்டிக்குள்ளிருந்து இருமுகிறார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, இருமியதற்கு யாராவது அழுவார்களா என்று விளக்குக்காரன் கேட்டான்.

முதல் நாளே இரண்டு வம்பு. நீதிபதி மேஜையில் சிலுவைக்கு இருபுறமும் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. சத்தியம் வாங்கும்போதுதானே ஏற்றுவோம்? யாரும் சத்தியம் செய்யவில்லை, வெறும் வாதம்தான் ஓடிக்கொண்டிருந்தது. முப்பத்தொரு வருடக் கை சும்மா இருக்குமா, நேராகப் போய் இரண்டையும் ஊதி அணைத்துவிட்டேன். காமிரா ஓடிக்கொண்டிருந்ததாம். இயக்குநர் ஷ்டெங்கெல், பெர்லின்காரர், தலையில் கைவைத்துக்கொண்டார். அடுத்து, அரசு வழக்கறிஞராக நடிக்கும் ராய்மண்ட் ட்ரால் அங்கியில் ஊதா வெல்வெட் தைத்திருந்தார்கள். ஊதா நீதிபதிக்கு, அரசு வழக்கறிஞருக்குச் சிவப்பு என்றேன். படத்தில் எல்லாம் கறுப்பு வெள்ளைதான், எவனுக்குத் தெரியும் என்றார் இயக்குநர். போட்டிருக்கிறவருக்குத் தெரியுமே என்றேன். ட்ரால் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, அங்கியைக் கழற்றித் தையல்காரியிடம் கொடுத்தார். சிவப்பு வைத்து வந்தது. அதைப் போட்டதும் மனிதரின் நடையே மாறிப்போனது. இடது தோள் கொஞ்சம் தூக்கி, கேஸ் கட்டைக் கக்கத்தில் இடுக்கி, உன் நடை. எங்கே கற்றாரோ, கடவுளுக்கே வெளிச்சம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். படத்தில் பதவி பறிபோன காலை, அரசு வழக்கறிஞர் மாடிப்படி இறங்கி வாசலைத் தாண்டிப் போகிறார். டவாலி எழுந்திருக்கக் கூடாது. அதுதான் காட்சி. நேற்றுவரை எழுந்தவன் இன்று உட்கார்ந்திருக்கிறான், அதைப் பார்த்தாலே ஊருக்குப் புரிந்துவிடும். மணி அடித்தார்கள், எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள், ட்ரால் இறங்கி வந்தார், நான் எழுந்து நின்றேன்.

"பெரியவரே, ஏன் எந்திரிச்சீங்க?" என்றார் இயக்குநர்.

"ஐயா வர்றாருங்களே."

"அவரு இப்ப ஐயா இல்ல. பதவி போயிடுச்சு."

"தெரியுங்க."

மறுபடி மணி, மறுபடி எழுந்தேன். மூன்றாவது தடவை என் தோளை ஒருவன் பின்னாலிருந்து அழுத்திப் பிடித்தான், அவனையும் இழுத்துக்கொண்டு எழுந்தேன். ஐந்தாவது தடவை கோட்டின் பின்தையலை நாற்காலியோடு சேர்த்து ஆணி அடித்தார்கள், நாற்காலியோடு எழுந்தேன். ஒன்பதாவது தடவை வாயும் திறந்துகொண்டது: "மேன்மைமிகு அரசு வழக்கறிஞர் அவர்களே, வணக்கம்." பதினான்கு வருடம் தினமும் காலை எட்டு மணிக்கு உனக்குச் சொன்னேனே, அதே குரலில். நான் தூக்கி வளர்த்த பயல் நீ, தலையை அசைத்து "நன்றி, ஹவ்லிக்" என்பாய், ஞாயிறன்று என் வீட்டில் கொழுக்கட்டைக்குச் சண்டை போடுவாய். ட்ரால் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும் என்பது கட்டளை. அவர் நின்றார். திரும்பினார். தலை குனிந்துவிட்டுப் போனார். அட்டைத் தூண்களுக்கு நடுவே நாற்பது பேர் அசையாமல் நின்றார்கள். ஷ்டெங்கெல் மெதுவாக, "இதையே வெச்சுக்கோங்க" என்றார்.

இதை வைத்து நீ எதையும் கற்பனை செய்துகொள்ளாதே. பழக்கம், அவ்வளவுதான். முழங்கால் தானாக நிமிர்கிறது, மருத்துவரைக் கேட்டால் சொல்வார். உன் பதவி போன அன்று நான் எழுந்திருக்காததும் வேண்டுமென்று செய்ததில்லை. கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தேன், நீ போனதைக் கவனிக்கவில்லை. வசந்த காலத்தில் படம் உங்கள் ஊருக்கும் வரும். ஓர் ஓரமாக உட்கார்ந்து பார். நான் நிற்பது அதில் இருக்கிறது, நமக்குள் பேச வேண்டியதையும் அதிலேயே பேசியாயிற்று. இந்தக் குளிரில் ரயிலேறி இங்கே வர வேண்டாம்.

வழக்கறிஞர்களின் காவலர் புனித ஈவோ உன்னைக் காக்க. அவர் இன்னும் கோபமாக இருந்தால், செருப்புத் தைப்பவர்களின் புனித கிறிஸ்பின் அப்பாவை முன்னிட்டாவது பார்த்துக்கொள்வார். ஹெர்மினின் ஆசிகள்.

இப்படிக்கு,
வென்ட்செல்

பி.கு.: இந்தக் கடிதம் பத்து நாளாக என் தொப்பிக்குள்ளேயே கிடந்தது. நேற்று படம் வந்துவிட்டது, பார்த்தோம். அந்தக் காட்சியை வெட்டிவிட்டார்கள், படம் நீளமாம். என் இடது பூட்ஸ் மட்டும் ஒரு நொடி தெரிகிறது, அதுவும் உட்கார்ந்தபடி. ஆகவே உங்கள் ஊரில் நீ பார்க்கப்போவதில் நான் எழுந்திருக்கவே இல்லை. ஞாயிறு பதினோரு மணி வண்டிக்கு நான் பிரான்ஸ் யோசெப் ரயில் நிலையத்துக்கு என் முக்காலியோடு போகிறேன். அதில் உட்கார்ந்திருப்பேன், நீ இறங்கினால் எழுவேன். அந்த ஞாயிறு வராவிட்டால் அடுத்த ஞாயிறு. நீ பதவி இழந்து போன அன்றைக்குக் கடிகாரத்துக்கு விடிகாலையிலேயே சாவி கொடுத்தாகியிருந்தது, தம்பி.