சீதேவிப்பிள்ளை உயிரோடுதான் இருக்கிறாள்

ஆரையம்பதி,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் கம்சாயினிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. கண்ணகை அம்மன் துணையால் நானும் உன் அம்மாவும் உயிரோடு சுகமாக இருக்கிறோம். ‘உயிரோடு’ என்ற சொல்லை முன்பெல்லாம் நான் கடிதத்தில் எழுதியதில்லை. இம்முறை எழுதாமல் முடியாது. நீயும் மருமகனும் பேத்தியும் அந்த நோர்வேக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுகிறேன்.

இந்தக் காலத்தில் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். என் கைத்தொலைபேசி சனிக்கிழமை பின்னேரத்திலிருந்து உன் அம்மாவின் கையில் இருக்கிறது. நீ எடுக்கும் அழைப்புக்கும் அவள்தான் பதில் சொல்கிறாள். “உன்ட அப்பா என்னக் கொன்டுபோட்டாரு மனே” என்று அவள் உனக்குச் சொன்னது பக்கத்து அறையில் இருந்த என் காதில் நன்றாக விழுந்தது. அது ஒரு பக்க நியாயம். மற்றப் பக்கத்தையும் நீ கேட்கவேண்டும்.

தொடக்கி வைத்தது நீதான். “அம்மாக்குப் பிறந்தநாள் வருது அப்பா, நான் ஒரு இணைப்பு அனுப்புறன், அதில படத்தப் போட்டு நாலு வரி எழுதுங்க, இசையும் போடலாம், பாக்கிற ஆக்கள் கீழ வாழ்த்து எழுதுவாங்க. அம்மாக்குச் சொல்லிப்போடாதீங்க. அவவ ஒருக்காச் சிரிக்க வைங்க அப்பா” என்றாய். அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. உன் அம்மம்மா தன் இரண்டு பெண்களுக்கும் பொதுவாக விட்டுப்போன எருமையை உன் சின்னம்மா கண்மணிப்பிள்ளை, தன் அக்காவான உன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விற்ற நாளிலிருந்து, அவள் இருக்கிற கொக்கட்டிச்சோலைக்கும் நமக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. “நான் செத்தாலும் நீ என்ட வாசல் மிதிக்கப்படாது” என்று அம்மா அன்றைக்குச் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்க்கவில்லை. தயிர் வாங்கி வந்தால் ஒரு வாய் வைத்துவிட்டு, “இது அந்தப் பால் இல்ல” என்று சட்டியைத் தள்ளிவிடுவாள். அவளுக்குத் தயிரில் குறையில்லை, தங்கச்சி இல்லாததுதான் குறை என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்ல எனக்குத் துணிவு இல்லை.

ஆகவே பிறந்தநாளான சனிக்கிழமை காலையில் அவள் மூக்குக்கண்ணாடி எடுக்கப் புளியந்தீவுக்குப் பஸ் ஏறியதும் நான் வேலையைத் தொடங்கினேன். உன் இணைப்பில் திறந்த பக்கத்தில் பலூன் போட்ட அலங்காரம் இருந்தது, கரடிக்குட்டி போட்டது இருந்தது. திருநீறு பூசுகிற மனிசிக்குக் கரடிக்குட்டி எதற்கு என்று, குத்துவிளக்கும் வெள்ளைப் பூவும் உள்ளதைத் தெரிவுசெய்தேன். மேலே ஆங்கிலத்தில் ஏதோ வாழ்த்து தானாகவே இருந்தது. அம்மாவுக்கு விளங்காத பாஷை என்று அதை அழித்துவிட்டு, ‘எங்கள் குலவிளக்கு’ என்று போட்டேன். படங்களில் முக்கால்வாசி அவள் படம் எடுக்கிறவரை ஏசிக்கொண்டு இருக்கிற படம். வாய் மூடியிருக்கிற ஒரே படம் கடவுச்சீட்டுக்கு எடுத்தது, அதைப் போட்டேன். இசைக்கு ஒரு புல்லாங்குழல், கேட்டால் கல்லும் கரையும். பிறகு எழுத உட்கார்ந்தேன். உனக்குத் தெரியும், நான் கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளராக இருந்த காலத்திலிருந்து இந்த ஊரில் எந்த வீட்டில் துக்கம் என்றாலும் அறிவித்தல் எழுத என்னிடம்தான் வருவார்கள். பிறந்தநாளுக்கு ஒன்று எழுதித் தாருங்கள் என்று இன்றுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. பேனா பிடித்த கைக்குப் பழகிய பாதைதானே தெரியும்! ‘ஆரையம்பதியைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட சீதேவிப்பிள்ளை அவர்கள் கனகசிங்கத்தின் ஆருயிர்த் துணைவியும், கம்சாயினியின் பாசமிகு தாயாரும், கண்மணிப்பிள்ளையின் ஆசை அக்காவும் ஆவார்’ என்று எழுதினேன். சின்னம்மாவின் பெயரைப் போட்டால் வீட்டில் சண்டை வரும் என்று தெரிந்துதான் போட்டேன். அந்தப் பெயர் இல்லாமல் உன் அம்மாவைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. அதன் கீழே ‘மலர்வு’ என்று போட்டு அவளுடைய அடையாள அட்டையைப் பார்த்துத் திகதியை எழுதினேன். இறந்த நாளுக்குப் போடுகிற ‘உதிர்வு’ என்று நான் எங்கேயும் போடவில்லை, இதை நீ குறித்துக்கொள்ள வேண்டும். முடிவில் ‘இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்’ என்பது மட்டும் விரல் தானாக எழுதிவிட்டது. வாசித்துப் பார்த்தேன், என் கண்ணே கலங்கியது. நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்துக் குடும்பக் குழு, கோயில் குழு, விளையாட்டுக்கழகக் குழு, வெளிநாட்டில் உள்ள ஊர்க்காரர் குழு எல்லாவற்றுக்கும் அனுப்பிவிட்டுக் குளிக்கப் போனேன்.

கிணற்றடியில் இருந்து வருகிறேன், தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுத்தால் எதிர்ப்பக்கத்தில் அழுகை மட்டும் கேட்கிறது. பிறந்தநாளுக்கு இவ்வளவு உருக்கமா, என் எழுத்துக்கு இவ்வளவு பலமா என்று நான் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டேன் என்பதையும் மறைக்கவில்லை. வாசலுக்கு வந்தால் விளையாட்டுக்கழகத்தார் எங்கள் ஒழுங்கை நெடுக வெள்ளைக் கொடி கட்டுகிறார்கள். ஒருவர் ஆட்கள் உட்காரக் கதிரை இறக்குகிறார். பக்கத்து வீட்டார் இடியப்பமும் சொதியும் கொண்டு வருகிறார்கள், துக்க வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது அல்லவா. காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருக்கிற நளீர், பாவம், கடையைப் பூட்டிவிட்டு வெள்ளைத் துணிக் கட்டோடு வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “கனகண்ணன், சீதேவி ராத்தா எத்தின நோன்புக்கு எங்களுக்குப் பலகாரம் அனுப்பின மனிசி!” என்று விம்முகிறான். “நளீர், அவ கண்ணாடி எடுக்கப் போயிரிக்கா, பின்னேரத்துக்குள்ள வந்திருவா” என்றேன். அவன் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்து, “அதிர்ச்சில பறையிறாரு, ஒருக்கா இரிக்க வைங்க” என்றான். நான் எவ்வளவுக்குச் சத்தியம் பண்ணினேனோ அவ்வளவுக்கு என் தலையைத் தடவினார்கள். சீனி கூடப் போட்ட ஒரு தேத்தண்ணியைக் கையில் திணித்து நடு மண்டபத்தில் என்னை உட்கார வைத்துவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து உன் அம்மா பஸ்ஸை விட்டு இறங்கி ஒழுங்கைக்குள் திரும்பியிருக்கிறாள். புதுக் கண்ணாடியில் முதல் கண்டது தன் வீட்டுக்குக் கட்டிய வெள்ளைக் கொடி. வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர், தான் வெளியில் நிற்கிறாள், ஆகவே போனது யார் என்பதில் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. செருப்பு ஒரு பக்கம், கைப்பை ஒரு பக்கம் போக, “என்ன விட்டுட்டுப் போயிட்டீங்களே, ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டீங்களே” என்று ஓடி வந்தாள். அவளைக் கண்டு முற்றத்தில் நின்றவர்கள் சிதறி ஓடினார்கள், ஒருவர் மதிலே பாய்ந்தார். அவள் ஒருவரையும் பார்க்கவில்லை. உள்ளே வந்து, நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருப்பதைக் கண்டு, என் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள். மகள், கல்யாணம் கட்டி இவ்வளவு காலத்தில் நான் அவளுக்கு இவ்வளவு வேண்டிய ஆள் என்று எனக்குத் தெரியாது. அந்த நினைப்பில் நான் கொஞ்சம் சிரித்துவிட்டேன், அதுதான் பிழை. தேத்தண்ணிக் கோப்பை சுவரில் போய் உடைந்தது.

விஷயத்தை அவளுக்கு விளங்கப்படுத்தி, அவள் என்னை முறைத்துக்கொண்டு குசினிக்குள் போய், வந்தவர்கள் வெட்கமும் சிரிப்புமாக ஆறி உட்காருகிற நேரத்தில் வாசலில் ஒரு முச்சக்கரவண்டி வந்து நின்றது. சின்னம்மா! மண்முனைப் பாலத்தால் ஒரே ஓட்டமாக வந்திருக்கிறாள். மடியில் சோற்றுப் பானை, காலடியில் கறிச்சட்டி, தலைமயிர் அவிழ்ந்து கிடக்கிறது. இறங்கும்போதே ஒப்பாரி தொடங்கிவிட்டது. அவளைத் தடுத்து உண்மையைச் சொல்ல நான் எழும்பினேன். குசினிக் கதவுக்குள் இருந்து அம்மா கையைக் காட்டினாள், பேசாதீங்க என்று.

“வாசல் மிதிக்காத எண்டியே அக்கா, மிதிச்சிட்டன் வந்து பாரு. கேக்காம எருமைய வித்தேனே, மகன்ட வருத்தத்துக்கு மருந்தில்லாம வித்தேனே, சொன்னா நீ உன்ட காப்பக் கழட்டித் தருவாய் எண்டு சொல்லாம வித்தேனே. உனக்கிட்ட மன்னிப்புக் கேக்க ஒவ்வொரு பொங்கலுக்கும் பாலம் மட்டும் வந்து, உன்ட முகம் பாக்காமக் கிறுகிப் போனனே என்ட அக்கா...”

உன் சின்னம்மா நெஞ்சில் அடித்து அடித்துச் சொல்ல, உன் அம்மா கதவுக்குப் பின்னால் முழுவதையும் கேட்டாள். கேட்டு முடிந்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியில் வந்து, தங்கச்சியின் அவிழ்ந்த மயிரை அள்ளிப் பிடித்து ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு, “வித்த மாட்ட விடு கா. சோறு ஆறுது, உள்ள வா” என்றாள்.

சின்னம்மா மயங்கி விழுந்ததும், தண்ணீர் தெளித்து எழுப்பியதும், எழும்பி முதலில் எனக்கு ஏசியதும் வேறு கதை. துக்கத்துக்கென்று ஊரார் கொண்டுவந்த சாப்பாடு அவ்வளவையும் அந்தக் கதிரைகளில் இருந்து எல்லோரும் சாப்பிட்டோம். நளீர் வெள்ளைத் துணியைத் திருப்பிக் கொண்டுபோய், பின்னேரம் மகள் ரிப்காவிடம் மாம்பழ நிறத்தில் ஒரு சாறி அனுப்பினான். சின்னம்மா இன்னும் போகவில்லை. இரண்டு பேரும் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள். என்னோடு அம்மா பேசுவது “சாப்பிடுங்க” என்ற ஒரு சொல்தான். தொலைபேசியைக் கேட்டால் முறைக்கிறாள்.

ஆகவே மகள், உன்னிடம் என் வேண்டுகோள், அந்தப் பக்கத்தை உடனே அழித்துவிடு. உயிரோடு உள்ள மனிசிக்கு இன்னும் ஆட்கள் அஞ்சலி எழுதிக்கொண்டு இருக்கிறார்களாம். இப்படியே கிடந்தால் அவளுடைய கோபம் ஆறாது. இனி நான் பிறந்தநாள், கல்யாணம், காதுகுத்து எதற்கும் ஒரு வரியும் எழுதமாட்டேன் என்று அம்மனுக்கு நேர்ந்திருக்கிறேன். மருமகனுக்கு என் அன்பைச் சொல். பேத்திக்கு ஒரு முத்தம். நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு, யாரும் தவறாக நினைக்க இடமில்லாமல் வாழவேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அப்பா,
கனகசிங்கம்.

பின்குறிப்பு: மனே, நான் அம்மா. அவர் முத்திர வாங்கக் கடைக்குப் போயிரிக்காரு, அதுக்குள்ள எழுதிறன். அந்தப் பக்கத்த அழிச்சிப்போடாத. நான் கோவத்தில போனப் பறிக்கல்ல. அதில எழுதிக் கிடக்கிறத்த நானும் கண்மணியும் கதவச் சாத்திட்டு இரிந்து வாசிக்கம், புதுக் கண்ணாடில எழுத்து நல்லாத் தெரியிது. பசிக்கு வந்த ஆக்களுக்கு நான் சோறு போட்டதாம், கனடாவில இரிந்து ஆரோ ஒரு பொடிச்சி எழுதியிரிக்காள், என்னக் கண்டா அவள்ட அம்மாவக் கண்ட மாதிரி எண்டு. செத்தாத்தானே இதெல்லாம் சொல்லுவாங்க, எனக்கு இரிக்கக்குள்ளயே கிடைச்சிட்டு. அவர் வந்தாச் சிரிச்சிப்போடுவன் எண்டுதான் முறைச்சிட்டுத் திரியிறன்.

இன்னொண்டு. எனக்குச் சனிக்கிழம பிறந்தநாள் இல்ல. அட்டையில இரிக்கிறது பள்ளிக்கூடத்தில சேக்கக்குள்ள ஆரோ போட்ட திகதி. நான் பிறந்தது வருசத்தில ஒருக்காத் திறக்கிற அம்மன் கோயில் கதவு திறந்த அண்டைக்கி. கல்யாணம் கட்டின வருசம் அவர் அட்டையப் பாத்திட்டு ஆசையா ஒரு சீல வாங்கி வந்தாரு, சொல்ல மனம் வரல்ல, அப்பிடியே விட்டிட்டன். கண்மணிக்குத் தெரியும், அவளும் வாயத் திறக்கல்ல. நீயும் சொல்லிப்போடாத.

அவர்ட பிறந்தநாளுக்கு ஒரு இணைப்பும் அனுப்பாத. கோல் எடுத்து வாழ்த்துச் சொல்லு, போதும். அந்த வெள்ளக் கொடியக் கண்டிட்டு ஒழுங்கைக்குள்ள ஓடினன் பாரு மனே, அந்த ஓட்டம் இனி எனக்கு வேணாம்.