குறைந்தது இரண்டு இயக்குநர்கள்

மிகுந்த அன்புக்கும், அதைவிடச் சற்று அதிகமான பயத்துக்கும் உரிய சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம். மூவரும் ஒரே அறையில் இருக்கும்போதும் நலம் என்பதை இந்த மாதம் தனியாகக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. அங்கே உங்கள் நலமும், சித்தப்பாவின் முதுகு நலமும், ஆறு தையல் மெஷின்களின் நலமும் அறிய ஆவல்.

போனில் நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "கம்பெனி ஆரம்பிக்க நிஜமா எவ்வளவுடி ஆகும்? சுத்தி வளைக்காம நாலு வரியில எழுது." சீருடை தைக்கும் உங்கள் கூடத்தை லிமிடெட் கம்பெனியாக மாற்றப்போவதாகவும், நீங்களும் சித்தப்பாவும் இயக்குநர்கள் என்றும், மொத்தச் செலவே ஒரு ஜோடி நல்ல செருப்பின் விலைதான் என்று ஏதோ ஒரு துண்டுப் பிரசுரத்தில் போட்டிருப்பதாகவும் சொன்னீர்கள். அந்தத் துண்டுப் பிரசுரம் பொய் சொல்லவில்லை சித்தி. கட்ட வேண்டிய கட்டணம் அவ்வளவுதான். கட்டணத்துக்கு வெளியே இருக்கும் செலவைச் சொல்ல என்னைவிடத் தகுந்த ஆள் உங்களுக்குக் கிடைக்கமாட்டாள். என் கம்பெனிக்கு வயது நாற்பத்தொரு நாள். அதில் ஒரு நாளைக்கூட நான் தவறவிடவில்லை. நாலு வரியில் அடங்காததற்கு மட்டும் மன்னிக்க வேண்டும்.

முதலில் இந்த ஆசை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அச்சகத்தில் வேலை பார்த்துக்கொண்டே தண்ணீர் பம்ப் செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்கு நான் கையேடுகள் எழுதிக் கொடுத்து வந்தது உங்களுக்குத் தெரியும். பம்ப் வாங்கினால் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு தாள் இருக்குமே, அதில் 'மின் இணைப்பைத் துண்டித்த பிறகே மூடியைக் கழற்றவும்' என்று கண்டிப்பாகச் சொல்வது நான்தான். தொழிற்சாலை மேனேஜர் ஒருநாள் கூப்பிட்டு, "எல்லா மாடலுக்கும் நீங்களே எழுதுங்கம்மா. ஒரு வருஷ வேலை. ஆனா தனி ஆளுக்கு ஆர்டர் குடுக்கறதை மேலிடத்துல நிறுத்திட்டாங்க. கம்பெனியா வாங்க" என்றார்.

"நான் ஒருத்தி சார். கம்பெனியா எப்படி வர்றது?"

"ரெண்டு பேரா வாங்க. அடுத்த மாசம் முப்பதாம் தேதிக்குள்ள கம்பெனி பேர்ல பேங்க் கணக்கு நம்பர் இருக்கணும். இல்லன்னா வரிசையில இன்னொருத்தர் நிக்கிறார்."

அன்று மாலையே அச்சகத்தில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். இதை அம்மா அவசரம் என்கிறாள். நான் தன்னம்பிக்கை என்கிறேன். அச்சக முதலாளி மறுநாளே என் நாற்காலியில் தன் மச்சினனை உட்காரவைத்துவிட்டார். ஆக, முப்பதாம் தேதிக்குள் கணக்கு திறக்காவிட்டால் எனக்குப் பம்பும் இல்லை, நாற்காலியும் இல்லை.

இரண்டாவது இயக்குநராக அப்பாவைப் போட்டேன். ஓய்வுபெற்றவர், பகலெல்லாம் வீட்டில் இருப்பவர், கையெழுத்தும் அழகு. அம்மா காலை ஏழு மணிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வேலைக்குப் போய் மூன்று மணிக்குத் திரும்புகிறவள். அவளை எதற்குத் தொந்தரவு செய்வது என்று கேட்கவே இல்லை. துண்டுப் பிரசுரத்தில் வராத முதல் செலவு இதுதான். அப்போது எனக்கு அது செலவாகவே தெரியவில்லை.

முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரி ஸ்டோர்கீப்பராக இருந்து, பஞ்சுப் பொட்டலத்தைக்கூடப் பிரித்து எண்ணாமல் கையெழுத்துப் போட்டறியாதவர் அப்பா என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். பதிவு வேலையைப் பார்த்த ஆடிட்டர், எங்கள் கம்பெனியின் விதிமுறைகளை முப்பத்தெட்டுப் பக்கத்தில் அச்சடித்து, கையெழுத்து வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு எடுத்து வந்தார். அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "வெச்சுட்டுப் போங்க. படிச்சிட்டுச் சொல்றேன்" என்றார்.

"சார், இதை யாரும் படிக்கமாட்டாங்க சார். எல்லாக் கம்பெனிக்கும் இதேதான்."

"யாரும் படிக்காததை எதுக்கு முப்பத்தெட்டுப் பக்கம் அடிச்சீங்க?"

பதினொரு நாள் படித்தார். பதினான்காம் பக்கத்தில், தேவைப்பட்டால் எங்கள் கம்பெனி கப்பல்களை வாங்கலாம், விற்கலாம், அடகும் வைக்கலாம் என்று இருந்தது. ஓரத்தில் 'கப்பல் எங்கே?' என்று எழுதிவைத்தார். ஆடிட்டர் நான்கு முறை வந்தார். நான்காவது முறை வந்தபோது, மாத்திரை போட்டுக்கொள்ளக் கொஞ்சம் வெந்நீர் கேட்டார். பாவம், போகும்போது என்னைத் தேற்றுவதற்காக, "லிமிடெட் கம்பெனில இதான்மா வசதி. நாளைக்குக் கம்பெனி மூழ்கினாலும் உங்க வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். எங்கள் வீட்டுக்கு நான்கு முறை வந்துபோன மனிதர் இதை எந்தத் தைரியத்தில் சொன்னார் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

ஒன்றாம் தேதி கம்பெனி பிறந்தது. சான்றிதழ் வந்தது. இனி பேங்க் கணக்கு திறக்க இயக்குநர் குழு ஒரு தீர்மானம் போட்டால் போதும். குழு என்பது அப்பாவும் நானும். தாளை எடுத்துக்கொண்டு போய், "அப்பா, இதுல ஒரு கையெழுத்து" என்றேன். அவர் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"கூட்டத்துக்கு நோட்டீஸ் எங்க?"

"என்ன நோட்டீஸ்? நீங்க இங்க நிக்கிறீங்க, நான் இங்க நிக்கிறேன். கூட்டம் கூடிடுச்சுப்பா."

"இருபத்திரண்டாம் பக்கம் படிச்சியா? ஏழு நாள் முன்னாடி எழுத்துல குடுக்கணும்."

எழுத்தில் கொடுத்தேன். இஸ்திரி மேஜைக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நீட்டினேன். பெற்றுக்கொண்டதாக மணி குறிப்பிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஏழு நாள் காத்திருந்தோம். இந்த ஏழு நாளும் ஒரே வீட்டில் மூன்று வேளை சேர்ந்து சாப்பிட்டோம். பேங்க் விஷயத்தை மட்டும் பேசவில்லை. பேசினால் அது நோட்டீஸ் இல்லாத கூட்டம் ஆகிவிடுமாம்.

எட்டாம் தேதி மாலை நான்கு மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் கூட்டம். அப்பா முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். என்னை 'நீங்கள்' என்று அழைத்தார். அந்த நேரத்தில்தான் அம்மா, தினமும் உட்காருவது போல, ஒரு தட்டு பீன்ஸும் கத்தியுமாக வந்து மேஜையின் மறுமுனையில் உட்கார்ந்தாள். அப்பா தொண்டையைக் கனைத்தார். "கூட்டம் நடக்குது. வெளியாட்கள் இருக்கக் கூடாது" என்றார்.

அம்மா தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள் சித்தி. யாரோ வந்திருக்கிறார்கள் என்று நிஜமாகவே நினைத்துவிட்டாள்.

"யாருங்க வெளியாள்?"

"நான் சொல்லலை. இருபத்திரண்டாம் பக்கம் சொல்லுது."

அம்மா ஒரே ஒரு பீன்ஸை மிக மெதுவாக நறுக்கினாள். "இந்த மேஜை என் சம்பளத்துல வாங்கினது. இந்த வீடு என் பேர்ல இருக்கு. நான் வெளியாள். ஊர்ல இல்லாத கப்பலை வெச்சுக்கிட்டு நீங்க ரெண்டு பேரும் உள்ளாள். நல்லாருக்குங்க" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அதன்பின் கூட்டம் நான்கு நிமிடத்தில் முடிந்தது. நடவடிக்கைக் குறிப்பேட்டில் அப்பா எழுதியதை அப்படியே தருகிறேன்: 'மாலை 4.06 மணிக்கு ஒருவர் காய்கறிகளுடன் வெளியேறினார்.'

பன்னிரண்டாம் தேதி தீர்மானத்தை எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போனேன். கணக்குப் பிரிவில் இருந்த பெண் அதிகாரி எல்லாத் தாள்களையும் பார்த்துவிட்டு, "கம்பெனி முகவரி உங்க வீடுதானே? வீட்டுச் சொந்தக்காரர் ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கடிதம் தரணும். யார் பேர்ல இருக்கு, அம்மா பேர்லயா? அஞ்சு நிமிஷ வேலை" என்றார். வீடு அம்மா பேரில் இருப்பது எனக்குத் தெரியாததா? தெரிந்திருப்பது வேறு, உரிய நேரத்தில் ஞாபகம் வருவது வேறு.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "ஆட்சேபணை இருக்கே" என்றாள் அம்மா.

"என்னம்மா ஆட்சேபணை?"

"அதை வாயால சொல்லமாட்டேன். எழுத்துல கேளுங்க."

அப்பா எழுத்தில் கேட்டார். அம்மா பரிசோதனைக் கூடத்துச் சிவப்புப் பேனாவால், 'விண்ணப்பதாரர் தனக்கும் சொந்தக்காரருக்கும் உள்ள உறவைக் குறிப்பிடவில்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பினாள். குறிப்பிட்டு மறுபடி கொடுத்தார். அந்த முப்பத்தெட்டுப் பக்கத்தையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட முடியாது என்று பதில் வந்தது. அது அப்பாவின் சொந்தக் கொள்கை. அம்மா அதைப் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்தாள். வீட்டில் ஒரு வரி படிக்கவில்லை. வெளியாள் வெளியில்தான் படிக்க வேண்டுமாம்.

பன்னிரண்டாம் தேதியிலிருந்து வீடு என் வழியாகத்தான் நடந்தது. "அந்த டைரக்டர்கிட்ட சொல்லு, காஸ் தீரப்போகுதுன்னு." "வீட்டு ஓனர்கிட்ட கேளு, காஸ் புத்தகம் எங்கன்னு." இருவருக்கும் நடுவில் இரண்டடி தூரம்கூட இருக்காது. அப்பா தன் டீயைத் தானே போட்டுக்கொண்டார். முதல் நாள் குடிக்க முடியவில்லை. ஐந்தாம் நாளில் எனக்கும் ஒரு டம்ளர் நீட்டும் அளவுக்கு முன்னேறியிருந்தார்.

இருபத்துநான்காம் தேதி அம்மா கடிதம் கொடுத்தாள். முன்னறையைக் காலை பத்து முதல் நான்கு வரை கம்பெனி பயன்படுத்தலாம். அந்த அறையில் இயக்குநர் ஒருவர் மதியம் தூங்குவது கம்பெனி வேலையில் சேராது. சாப்பாட்டு மேஜைக்குத் தனி வாடகை. அப்பா மூன்று முறை படித்தார். "ஒரு ஓட்டைகூட இல்லடி" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். அந்த முகத்தில் இருந்தது பெருமைதான் என்று அடித்துச் சொல்வேன். ஆனால் நிபந்தனை போட்ட கடிதம் செல்லாது என்று பேங்கில் சொல்லிவிட்டார்கள். இருபத்தொன்பதாம் தேதி முகவரியைச் சரிபார்க்க நேரில் வருகிறேன், அன்று நிபந்தனையற்ற கடிதம் கையில் இருக்க வேண்டும் என்றார் அந்தப் பெண் அதிகாரி.

இங்கேதான் நான் என் புத்தியைப் பயன்படுத்தினேன். எல்லா இயக்குநர்களும் சம்மதித்தால் உடனே கூட்டம் கூட்டலாம் என்று இருபத்துமூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. நானும் படித்திருந்தேன், யாரிடமும் சொல்லவில்லை. இருபத்தெட்டாம் தேதி காலை கூட்டினேன். எட்டாம் தேதி நடந்ததற்கு வீட்டுச் சொந்தக்காரரிடம் வருத்தம் தெரிவிப்பது என்று தீர்மானம் எழுதி அப்பா முன்னால் வைத்தேன்.

"வருத்தம்னு எழுதினா தப்பு நடந்ததா ஆயிடும்" என்றார்.

"நடக்கலையாப்பா?"

"நடந்துச்சு. ஆனா ரூல்படி நடந்துச்சு."

"நான் வேலையை விட்டுட்டு நிக்கிறேன்பா."

அப்பா பேனாவை எடுத்தார். 'வருத்தம்' என்பதற்கு முன்னால் 'ஆழ்ந்த' என்று அவராகவே சேர்த்தார். பிறகு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, மாலைவரை பொறுக்காமல், அம்மா வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்துக்கே போய்விட்டார். டோக்கன் இல்லாமல் உள்ளே விடமாட்டார்களாம். டோக்கன் எடுத்து, ஊசி குத்தக் காத்திருந்தவர்களோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். கவுண்டரில் இருந்த பெண், "என்ன டெஸ்ட் சார், சர்க்கரையா கொலஸ்ட்ராலா?" என்று கேட்டதற்கு, "தீர்மானம்" என்றாராம். அம்மா கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கிப் படித்தாள். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாளாம்.

மறுநாள் மூன்றரைக்குப் பேங்க் அதிகாரி வந்து கதவைத் தட்டினார். என் கையில் அப்போதும் கடிதம் இல்லை. கதவைத் திறந்தது அம்மா. "இங்க ஒரு லிமிடெட் கம்பெனி இருக்குன்னு சொன்னாங்க" என்றார் அதிகாரி. அம்மா எங்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தாள். அப்பா தேவையில்லாமல் எழுந்து நின்றார். "இருக்குங்க. உள்ள வாங்க" என்றாள் அம்மா. கைப்பையைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள். நிபந்தனை ஒன்றும் இல்லாத, நான்கே வரிக் கடிதம்.

முப்பதாம் தேதி காலை கணக்கு நம்பர் வந்தது. மதியம் பம்ப் தொழிற்சாலையில் கையெழுத்தானது. முதல் மூன்று மாடல்களுக்கு எழுதத் தொடங்கிவிட்டேன். அம்மாவும் அப்பாவும் பேசிக்கொள்கிறார்கள். எல்லாம் அந்த ஒரு தீர்மானத்தின் வேலை. நிர்வாகம் எனக்குக் கைவந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

ஆகவே சித்தி, நிஜமான செலவு என்ன என்றால், செருப்பு விலையோடு, பெற்றவர்கள் பேசிக்கொள்ளாத பதினேழு நாள். அதற்கு யாரும் ரசீது தரமாட்டார்கள். நான் தாங்கினேன். நீங்கள் தாங்க வேண்டாம் என்பது என் உறுதியான யோசனை. உங்கள் ஆறு மெஷின்களும் இன்று யார் சம்மதமும் கேட்காமல் ஓடுகின்றன. சித்தப்பாவும் நீங்களும் எல்லாவற்றையும் சண்டை போட்டே பேசித் தீர்க்கிறீர்கள். அதை ஏன் குறிப்பேட்டில் ஏற்ற வேண்டும்? கம்பெனி வேண்டவே வேண்டாம்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். உங்கள் ஆசி எனக்கும் என் நிறுவனத்துக்கும் சம பங்காகக் கிடைக்கட்டும். பம்ப் தொழிற்சாலைக்குக் கிளம்ப வேண்டும். உறையை ஒட்டி, தபாலில் போட அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

என்றும் உங்கள் அன்பு மகள்,
நிர்வாக இயக்குநர்

பின்குறிப்பு: தங்கச்சி, இது நான், உன் அக்கா. கொதிக்கிற தண்ணி ஆவியில காட்டினா உறை அழகாப் பிரியுது. எல்லாத்தையும் படிச்சேன். இவ பேச்சைக் கேட்டு நீ கம்பெனியைக் கைவிடாத. தாராளமா ஆரம்பி. உன் வீட்டுக்காரர் வேணாம், அவர் முதுகோட அவர் இருக்கட்டும். ரெண்டாவது டைரக்டரா என்னைப் போடு. ஞாயித்துக்கிழமை கிளம்பி வர்றேன். அப்புறம், அந்த ஆட்சேபணை இல்லைங்கற நாலு வரிக் கடிதத்தை, இவ கேட்ட அன்னிக்கு ராத்திரியே எழுதிக் கைப்பையில வெச்சுட்டேன். தேதிதான் போடல. பொண்ணு இருந்த வேலையை விட்டுட்டு நிக்கிறா, நான் கெடுப்பேனா? உன் அத்தான் எதுவரைக்கும் போறார்னு பார்க்கணும்னு இருந்துச்சு, அவ்வளவுதான். அவருக்கு இப்ப இது தெரியும். இவளுக்குத் தெரியாது. தன்னோட தீர்மானம்தான் என்னை மசிய வெச்சுதுன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டுத் திரியறா. நீயும் சொல்லிடாத. புதுசா தொழில் தொடங்கியிருக்கிற பொண்ணு, அந்தத் தைரியம் அவகிட்ட இருக்கட்டும்.