கூண்டுக்குள் இறங்கிய கோட்டுக்காரன்

பெருமதிப்பிற்குரிய ஆடம் அண்ணன் அவர்களுக்கு, கிளெய்ன்பாய் துறைமுகத்திலிருந்து ஈசாவ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். உங்கள் முழங்கால் வலியும் பார்லில் திராட்சை அறுவடையும் எப்படி என்று அறிய ஆவல். நிற்க.

தங்கள் தங்கை சன்னாவைப் பெண் கேட்க, முறைப்படி கோட்டு மாட்டிக்கொண்டு போன மாதம் வந்தேன். உங்கள் முன்னறையில் நின்று கேட்க வேண்டியதை வாசலில் நின்றே கேட்கும்படி ஆயிற்று. "ஒரு மாப்பிள்ளையைக் கடலுக்குக் குடுத்தாச்சு, இன்னொரு கடல்காரன் வேண்டாம்"னு சொல்லிக் கதவைச் சாத்தினீர்கள். எனக்கு அறுபத்தொன்று, அவளுக்கு ஐம்பத்தெட்டு. இருந்தாலும் உங்கள் சம்மதம் இல்லாமல் சர்ச் படி ஏற மாட்டேன் என்கிறாள். சுற்றுலா வருகிறவர்களைக் கம்பிக் கூண்டில் இறக்கிச் சுறா காட்டும் எங்கள் படகில் ஆபத்தே கிடையாது என்பதை அவளே கண்ணால் பார்த்து உங்களிடம் சொல்லட்டும் என்று சனிக்கிழமை கூட்டிப் போனேன்.

மரியாதையாக இருக்கட்டுமென்று அதே கோட்டைப் போட்டுக்கொண்டது என் தப்புதான். சுறாவை வரவழைக்கிற மீன் கூழைக் கலக்குவது என் வேலை. ஒரு அலை அடித்ததில் பாதி வாளி கோட்டின் மேல். சன்னா கொண்டுவந்த சீனிப்பாகில் ஊறிய கோசிஸ்டர் பலகாரத்தை ஆளுக்கு இரண்டாகத் தின்ற வெள்ளைக்காரர்கள் என் வாடை பட்டதும் வரிசையாகப் படகோரக் கம்பியைப் பிடித்துக் கடல் பக்கம் குனிந்துவிட்டார்கள். மாற்றுத் துணி இல்லை, கேப்டன் கூண்டில் இறங்குகிறவர்கள் போடும் ஒரு ரப்பர் உடையைத் தூக்கிப் போட்டார். அதை மாட்டி நிமிர்ந்தால், சன்னாவும் அதே உடையில் நிற்கிறாள்.

"ஏன்யா, இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தடவைகூட நீ கூண்டுல இறங்கினதில்லையாமே?"

"எனக்கு மேல வேலை இருக்கு சன்னா."

"இன்னிக்கு லீவு. இறங்கு."

எனக்கு நீச்சல் தெரியாது அண்ணா, அதை இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை. கூண்டுக்குள் கழுத்தளவு தண்ணி, பல்லெல்லாம் தந்தியடிக்குது. சுறா வருவது தெரிந்தால் "கீழே!" என்று கத்துவதும் என் வேலைதானே, பழக்கதோஷத்தில் வாயைத் திறந்துட்டேன். கடல் உள்ளே வந்தது, பல்செட் வெளியே போச்சு. மூச்சடக்கி முங்கினோம். ஒரு வெண்கலச் சுறா, நம்ம சமையல் மேஜை நீளம், எங்கள் முகத்தருகே மெதுவாகப் போச்சு. சன்னா என் கையைப் பிடித்தவள், மேலே வந்தும் விடவில்லை.

"என் புருஷன் கிளாஸ் கடலோட போனதுலேர்ந்து ஏழு வருஷமா கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்ததில்ல ஈசாவ். உள்ள இவ்வளவு அமைதியா இருக்கும்னு யாரும் சொல்லல."

அப்போது எனக்கு அழுகை வந்தது அண்ணா, மறைக்கவில்லை. அவளுக்காக எதையும் விடலாம் என்று தோன்றியது. ஆகவே இந்த மாதக் கடைசியோடு படகை விடுகிறேன். மீன் பதனிடும் கூடத்தில் காவல் வேலை கேட்டிருக்கிறேன், காலில் ஈரம் படாது. இது சத்தியம். தயவுசெய்து சம்மதம் எழுதுங்கள்.

உங்கள் வீட்டில் நோய் நொடி அண்டாமல், கொடிகள் தாங்காத அளவு பழுக்கட்டும் என்று வேண்டும்,
ஈசாவ்.

பி.கு.: உறையை ஒட்டும் முன் சன்னா வாங்கிப் படித்தாள். "உன்னை யாரு கடலை விடச் சொன்னா? திங்கக்கிழமைலேர்ந்து அதே படகுல கூண்டுல இறங்குறவங்களுக்கு உடை மாட்டிவிடுற வேலை எனக்கு. கேப்டன்கிட்ட பேசியாச்சு" என்கிறாள். ஆகவே மேலே செய்த சத்தியத்தை அடித்துவிடவும். இப்போது உங்களிடம் அனுமதி கேட்பது இரண்டு கடல்காரர்கள், அண்ணா.