குச்சி கண்டுபிடித்த சீப்பு

கஞ்சாச் சட்டத்தைத் தளர்த்தலாமா என்று நாட்டில் பேச்சு எழுந்த வாரமே குச்சி மகானும் எழுந்தருளிவிட்டார். வலிக்கு மருந்தாக டாக்டர் எழுதித் தரட்டும் என்றது ஒரு கட்சி. ஊரே நாசமாகும் என்றது இன்னொரு கட்சி. மகானுக்கு இரண்டும் வேண்டும். திங்கட்கிழமை எதிர்ப்பாளர் மேடையில் அவருடைய செப்புக் குச்சி கஞ்சா குடித்த பாவிகளைக் காட்டிக்கொடுக்கும். செவ்வாய்க்கிழமை ஆதரவாளர் மேடையில் அதே குச்சி அந்தச் செடியின் தெய்வ சக்திக்குத் தலைவணங்கும். கூட்டம் இருக்கிற பக்கம் திரும்புகிற குச்சி என்று யாருக்கும் தோன்றவில்லை.

எங்கள் பேருந்துப் பணிமனைக்கும் வந்தார். டிரைவர்களின் சிறுநீரைச் சோதிக்க ஆய்வகத்துக்கு மூன்று நாள் ஆகும். குச்சிக்கு மூன்று விநாடி. மேலாளர் மயங்கிவிட்டார்.

குச்சிக்கு முதலில் மோப்பம் காட்ட வேண்டுமாம். அதற்காகப் பறிமுதல் செய்த கஞ்சாப் பொட்டலத்துடன் ஒரு போலீஸ் ஏட்டு கூடவே வந்தார். பிறகு மகான் வரிசையில் நடந்தார். அவரிடம் காப்புக் கயிறு வாங்கிக் கட்டியவர்களைக் குச்சி மரியாதையாகத் தாண்டிப் போனது. விடியுமுன் முதல் வண்டி எடுக்கிற என் மச்சானுக்குக் கயிறும் இல்லை, தூக்கமும் இல்லை. சிவந்த கண்ணோடு நின்றவன் மூக்கைக் குச்சி தொட்டது.

"மாட்டினான்டா!" என்றது கூட்டம். காலையில் அவன் வாங்கித் தந்த டீயைக் குடித்த வாய்கள்.

"சாயங்காலம் வேலைநீக்கக் கடிதம் ரெடியா இருக்கும்" என்றார் மேலாளர்.

இருக்கை உறை தைக்கும் அறையிலிருந்து என் மனைவி வந்தாள். மச்சான் அவள் தம்பி. அவளுக்கு அப்போதே முதுகெலும்பில் நோய். சுவரைப் பிடித்துத்தான் நடப்பாள். அந்தச் சட்டம் தளர்ந்தால் கிடைக்கக்கூடிய மருந்துக்குக் காத்திருந்தாள். வாய்க்கு மட்டும் எந்த வலியும் கிடையாது.

"ஏங்க மகானே, குச்சி தப்பே பண்ணாதா?"

"உலகமே தப்பு பண்ணலாம்மா. குச்சி பண்ணாது."

"அப்ப ஒரு விளையாட்டு. பத்துப் பையை வரிசையா வைக்கிறோம். ஏட்டையா பொட்டலத்தை ஒளிச்சு வைக்கட்டும். குச்சி கண்டுபிடிச்சிட்டா என் தம்பி வீட்டுக்குப் போகட்டும். நானும் கயிறு கட்டிக்கிறேன். என் தையல் மெஷினுக்கும் ஒண்ணு."

"சந்தேகப்படுறவங்க முன்னால குச்சி கூச்சப்படும்மா."

"பாவம், நான் வேணா கண்ணை மூடிக்கிறேன்."

கூட்டம் சிரித்தது. இனி மகான் நழுவ முடியாது. கண்டக்டர்களின் பை ஒன்பதுதான் கிடைத்தது. பத்தாவதாக மேலாளர் தன் தோல் பையைப் பெருமையோடு வைத்தார். மகானை டயர் அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினோம். என் மனைவி ஏட்டின் காதில் ஏதோ சொன்னாள். அவர் மீசை துடித்தது.

மகான் வெளியே வந்தார். பைகளைப் பார்க்கவில்லை, எங்கள் முகங்களைத்தான் பார்த்தார். மூன்று முறை போய் வந்தார். ஒவ்வொரு முறையும், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க ஏட்டையா" என்று ஏட்டை இடித்துக்கொண்டும் போனார். மேலாளருக்கு ஆர்வத்தில் நெற்றியெல்லாம் வியர்த்தது. உடனே குச்சி அவர் பையில் போய்ப் படுத்துவிட்டது.

திறந்தோம். இருமல் மிட்டாய். ஒரு சீப்பு.

மேலாளர் தலையில் ஒரு முடிகூடக் கிடையாது. கூட்டம் முதலில் அதற்குத்தான் சிரித்தது.

"அப்ப பொட்டலம் எங்க?" என்றான் மச்சான்.

ஏட்டு தன் கால்சட்டைப் பையிலிருந்து அதை எடுத்துக் காட்டினார். "மூணு தடவை உரசிட்டுப் போனீங்களே சாமி!"

"இன்னிக்குக் குச்சிக்கு உடம்பு சரியில்ல..."

"அப்படியா? அதோட சிறுநீரையும் ஆய்வகத்துக்கு அனுப்பிடலாமா?" என்றாள் என் மனைவி.

மகான் செருப்பையும் குச்சியையும் விட்டுவிட்டு ஓடினார். மச்சானின் சிறுநீர் ஆய்வகத்துக்கே போனது. மூன்றாம் நாள் முடிவு வந்தது. மச்சான் மேல் ஒரு குற்றமும் இல்லை. மறுபடி முதல் வண்டியை எடுத்தான். கயிறு கட்டியவர்கள் எல்லாரும் அந்த வாரம் முழுக்கைச் சட்டைக்கு மாறினார்கள்.

இரண்டு கட்சிகளும் இன்னும் கத்திக்கொண்டுதான் இருக்கின்றன. சட்டம் ஏதோ ஒரு குழுவின் மேசையில் கிடக்கிறது. வலியில் கிடப்பவர்களை யாரும் கேட்கவில்லை. அவளையும் கேட்கவில்லை. இனிக் கேட்கவும் முடியாது.

அந்தக் குச்சி என்னிடம்தான் இருக்கிறது. அவள் நட்ட தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன். பிறந்ததிலிருந்து அது செய்த ஒரே உருப்படியான வேலை.

மேலாளரையும் நான் கேலி செய்வதில்லை. சீப்பைப் பையிலேயே வைத்துச் சுமந்ததற்கு, முடி இல்லை என்ற நியாயமாவது அவருக்கு இருந்தது. மூளையைப் பையிலேயே வைத்துச் சுமக்கிறோமே, நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?