பதினோரு நாள் கிளட்ச்

மதிப்புக்குரிய மாப்பிள்ளை சேரன் அவர்களுக்கு, மந்தைவெளியிலிருந்து உங்கள் மாமனார் பொன்னுரங்கம் எழுதும் விவரம். இங்கே நானும் உங்கள் மாமியார் பாஞ்சாலியும் சௌக்கியம், கார் மட்டும் சௌக்கியம் இல்லை. அங்கே நங்கநல்லூரில் உங்கள் சௌக்கியமும், என் மகள் மணிமொழியின் சௌக்கியமும், அவள் வயிற்றில் இருப்பவரின் சௌக்கியமும் அறிய ஆவல்.

வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டி வருவதுதான் முறை. பதினோரு நாள் ஆகிவிட்டது. "உங்கப்பாவுக்கு வழி மறந்துடுச்சா?" என்று உங்கள் அம்மா மணியிடம் கேட்டார்களாம். போனில் பேசினால் எனக்குக் கோபம் வந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

வளைகாப்பன்று கத்திப்பாராவில் பழைய கிளட்ச் கருகி, வளையல் தட்டோடு நாங்கள் ஆட்டோவில் வந்து இறங்கியதை நீங்களே பார்த்தீர்கள். மறுநாளே நம் தெருமுனை மெக்கானிக் உபைத் புது கிளட்ச் போட்டான். "ஒரிஜினல் இல்ல நைனா, வெளிக் கம்பெனி செட்டு, ஆனா தங்கம்" என்றான். பெடலில் காலை வைத்தேன். ஐயோ, வெண்ணெயில் வைத்த மாதிரி உள்ளே போகிறது! முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவன் நான். அந்தக் கிளட்ச்சை எழுந்து நின்று மிதிக்க வேண்டும், அதுவல்லவா கிளட்ச். "டேய், குழாயில காத்து பூந்துகீது" என்றேன். பாவம், என்னை மிதிக்க வைத்து, குமிழி நிற்கும்வரை ஆயிலை வடித்தான். மெத்தென்றுதான் இருந்தது. ஆயில் ஒழுகுகிறதோ என்று வண்டிக்கடியில் அட்டை விரித்துப் பார்த்தோம், ஒரு சொட்டு இல்லை. கிளட்ச் சிலிண்டரைக் கழற்றி ரப்பர் மாற்றச் சொன்னேன், மாற்றினான். அப்போதும் மெத்து. நாலாம் தடவை போனபோது கையெடுத்துக் கும்பிட்டான். "நைனா, ஆயில் இறங்கல, கியரு சத்தமில்லாம விழுது. மெத்துனு கீதுன்றதெல்லாம் ஒரு கம்ப்ளைன்ட்டா?" என்று சொல்லிவிட்டுப் பாஞ்சாலியைப் பார்த்தான். அவள் ஏற்கனவே துடைத்த கார்க் கண்ணாடியை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

வாடகைக் கார் பிடிக்கலாமே என்பீர்கள். ஊரார் பெண்களையெல்லாம் பத்திரமாகக் கொண்டுபோய் இறக்கியவன் நான், மாப்பிள்ளை. எம் பொண்ண வேற எவனோ ஓட்டிக்கினு வர்றதா? மனசு கேக்கல. முந்தாநாள் அடையாறு சிக்னல்ல வண்டி ஒரு குதி குதிச்சு நின்னுடுச்சு. அவ உள்ள இருந்திருந்தா? அந்தப் பெடலை நம்பி அவளை ஏற்ற மாட்டேன்.

ஆகவே கிளட்ச் கெட்டியாகும்வரை மணியை அங்கேயே வைத்துக்கொள்ளவும். மாடிப்படி ஏற விடாதீர்கள். புளிப்பு கேட்டால் கொஞ்சமாகக் கொடுங்கள். முண்டகக்கண்ணியம்மன் மூன்று பேருக்கும் காவலாக இருக்கட்டும். உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
பொன்னுரங்கம்

பின்குறிப்பு: மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். இதை உங்கள் வீட்டு வாசலில், காருக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். ஓட்டி வந்தது பாஞ்சாலி. மூன்று மாதமாகக் காலையில் கோயிலுக்கென்று கிளம்பியவள் டிரைவிங் ஸ்கூலுக்குப் போயிருக்கிறாள். லைசென்ஸை எடுத்துக் காட்டினாள். லேசான செட்டாகப் பார்த்துப் போடு என்று உபைத்திடம் சொன்னதும் அவள்தானாம். "உன் இடது முட்டி மடங்கலன்னு எனக்குத் தெரியாதா? புள்ளைக்கு வலி எடுத்தா யாரு ஓட்டுவா?" என்று கேட்டாள். அன்று சிக்னலில் என் கால்தான் சரியாக அமுக்கவில்லை, மாப்பிள்ளை. அது எனக்கு அப்போதே தெரியும். வரும் வழியில் கிண்டியில் இரண்டு தடவை எஞ்சினை அணைய விட்டுவிட்டாள், பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள், நான் ஜன்னல் வழியே கையை நீட்டி அவர்களைச் சுற்றிப் போகச் சொன்னேன். மணியை மெதுவாக இறங்கி வரச் சொல்லுங்கள். முன் சீட்டை நன்றாகப் பின்னால் தள்ளி, முதுகுக்குத் தலையணை வைத்திருக்கிறேன்.