பனிமான் துக்கக்காரர்

மனித ஜாதியில் தூரத் துக்கக்காரர் என்று ஒரு தனிப்பிரிவு இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் உங்கள் தெருவிலேயே இரண்டு வீடு தள்ளி விசாரியுங்கள். கீழ்வீட்டுக்காரர் மாடிப்படியில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டோடு வந்து நின்றால், இவர் "அடடா, பாத்து நடக்கக் கூடாதா" என்று சொல்லிவிட்டுப் பேப்பரின் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். அந்த அடுத்த பக்கத்தில், கடல் உறையாததால் ஒரு வெள்ளைக் கரடி வேட்டைக்குப் போக வழியில்லாமல் கரையிலேயே காத்துக் கிடக்கிறது என்று போட்டிருந்தால் தீர்ந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார், துடைப்பார், மாட்டுவார், மறுபடி படிப்பார், குளித்துக்கொண்டிருக்கும் மனைவிக்குக் கதவுக்கு வெளியே நின்று உரக்கப் படித்துக் காட்டுவார். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. இறங்காது என்றால், மூன்றாம் முறை போட்டுக்கொள்ள மாட்டார்.

இவர்களிலேயே உயர்ந்த ரகம் துருவத் துக்கக்காரர். யாராவது பேச்சுவாக்கில் "பாவம், இந்தப் பனிக்கரடியும் பென்குயினும்" என்று ஆரம்பித்தால் இவர் முகம் சுருங்கும். "கரடி வடக்கே, பென்குயின் தெற்கே. ரெண்டும் ஜென்மத்துல ஒண்ண ஒண்ணு பாத்ததில்ல" என்று திருத்தாமல் விடமாட்டார். வாத்துக் கூட்டம் எந்த மாதம் வடக்கே கிளம்பும், எந்த ஏரியில் இறங்கி இளைப்பாறும், அது போய்ச் சேருவதற்குள் இப்போதெல்லாம் புல் முளைத்து முற்றிப்போய்விடுகிறதே, குஞ்சு எதைத் தின்னும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தன் பிள்ளை எந்த பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகிறான் என்று கேளுங்கள். "அவங்கம்மாவுக்குத் தெரியும்" என்பார்.

எனக்குத் தெரிந்த துருவத் துக்கக்காரர் கடைவீதியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கண்ணும் அவரே பார்ப்பார், கண்ணாடியும் அவரே போடுவார். ஊரில் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர். என் மூக்கின் மேல் இருப்பது அவர் கைவேலைதான், அதில் ஒரு குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் கண் சோதனைக்கு உட்காருகிற அந்த நேரத்தில்தான். யோசித்துப் பாருங்கள். மற்றத் துக்கக்காரர்களிடம் மாட்டிக்கொண்டால் நீங்கள் எழுந்து போய்விடலாம். இவரிடம் எப்படிப் போவீர்கள்? மூக்கில் இரும்புப் பிரேம், ஒரு கண்ணில் மூடி, இன்னொரு கண்ணில் இரண்டு மூன்று வில்லைகள். எதிர்ச்சுவரில் எழுத்துகள் பூச்சி மாதிரி ஊர்ந்துகொண்டிருக்கும். வாசல் எந்தப் பக்கம் என்றே தெரியாது.

"இது தெளிவா இருக்கா, இல்ல இது தெளிவா இருக்கா?"

"முதல்ல போட்டது, சார்."

"பனிமானுக்குக் கோடையில கண்ணுக்குள்ள தங்க நிறம். குளிர்காலத்துல அதுவே நீலமா மாறிடும். தெரியுமா உங்களுக்கு? இருட்டுக்குத் தோதா கடவுள் பண்ணி வெச்சிருக்கான். கீழ் வரியப் படிங்க."

இப்படித்தான் ஆரம்பிக்கும். தொழில் பத்திரிகை ஒன்றில் பனிமானின் கண்ணைப் பற்றிப் படிக்கப் போய், கண்ணிலிருந்து காலுக்கும் காலிலிருந்து அது நடக்கிற வழிக்கும் போய், கடைசியில் மனுஷன் அந்தக் கூட்டத்தோடேயே கிளம்பிவிட்டார். பனி பெய்கிற காலத்தில் இப்போது மழை பெய்கிறதாம். பெய்த மழை பனிமேல் உறைந்து கண்ணாடிப் பலகை மாதிரி ஆகிவிடுகிறதாம். அடியில் பாறைப்பாசி இருக்கிறது என்று மானுக்கு வாசனை தெரியும், குளம்பால் கொத்திக் கொத்திப் பார்க்கும், உடையாது. "கண்ணு முன்னால சாப்பாடு, நடுவுல கண்ணாடி. நெனச்சுப் பாருங்க சார்!" என்று அவர் சொல்லும்போது உங்களுக்கே கண் கலங்கும். அந்த நேரம் பார்த்து அவர் வில்லையை மாற்றுவார்.

கடையில் ஏ.சி. உண்டு, ஓடாது. துருவத்தை உத்தேசித்து அணைத்து வைத்திருக்கிறார். வாடிக்கையாளர் வியர்த்து வழிந்து, புதுக் கண்ணாடி மூக்கிலிருந்து சறுக்கி விழுந்து, "பிரேம் லூஸா இருக்கே" என்று சொன்னால், "பிரேம் லூஸ் இல்ல சார், உலகம் சூடாயிடுச்சு" என்பார். பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் கல்லாப்பெட்டிமேல் கையை ஊன்றிக்கொண்டு ஒரே வாக்கியத்தில் வந்து நிற்கும்:

"யாராவது அங்க போயி, ஏதாவது பண்ணணும் சார்!"

நாங்களும் தலையாட்டுவோம். யாராவது போகவேண்டியதுதான்.

அவருக்கு ஒரே மகள். கால்நடை மருத்துவம் படித்தவள். வளர்ப்பு நாய்களுக்கு ஊசி போடும் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் ஒரு நாள் காலையில் கண்ணாடிக்காரர் ஷட்டரைப் பாதி மட்டும் தூக்கி வைத்துவிட்டு, குனிந்து என் கடைக்குள் வந்தார். அவர் கடைக்கு அடுத்தது என் ஜெராக்ஸ் கடை.

"நீங்க வீட்டுக்கு வந்து பாப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். நீங்க சொன்னா கேப்பா."

"என்ன ஆச்சு?"

"வேலை கெடச்சிருக்கு. வடக்கே. பனிமானுக்குக் கழுத்துல பட்டை மாட்டி, அது போற வழியெல்லாம் கூடவே போயி, சீக்கு வந்தா வைத்தியம் பாக்கறதாம்."

எனக்கு ஆனந்தமாகப் போய்விட்டது. "அட! கொடுத்து வெச்சவரு சார் நீங்க!" என்று எழுந்து கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில்தான் விஷயம் புரிந்தது. நான் வாழ்த்துச் சொல்லவேண்டிய ஆள் இல்லை. தடுத்து நிறுத்தவேண்டிய ஆள்.

அன்று மாலை போனேன். அவர் மனைவி தபால் ஆபீஸில் வேலை பார்க்கிறவர், அப்போதுதான் வந்து கைப்பையைக்கூட ஆணியில் மாட்டாமல் உட்கார்ந்திருந்தார். மகள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, "வாங்க மாமா, தூதா?" என்றாள். நான் தண்ணீரைக் குடித்தேன். வேறென்ன செய்ய?

கண்ணாடிக்காரர் தொடங்கினார். "அங்க மாசக்கணக்கா சூரியனே வராது."

"நீங்கதான்பா சொல்லிக் குடுத்தீங்க. வானத்துல பச்சைப் பச்சையா வெளிச்சம் ஆடும்னு."

"ஆடும், ஆடும். குளிரு எலும்பைத் தின்னும்."

"கோட்டு அவங்களே தராங்க."

"அம்மாடி, அங்க ஐஸ் இப்ப முன்ன மாதிரி இல்லம்மா. உறையறதே லேட்டு. கால வெச்சா உள்ள போயிடும். நான் படிச்சிருக்கேன்!"

"அதுக்குத்தானப்பா போறேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"யாராவது போயி ஏதாவது பண்ணணும்னு எத்தன தடவ சொல்லியிருக்கீங்க?" என்றாள் மகள், கோபமில்லாமல்.

"யாராவதுன்னா..." கண்ணாடிக்காரர் எழுந்து நின்றுவிட்டார். "யாராவதுன்னா யாராவது! நீயா?"

அவர் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் குலுங்கினார். பிறகு கண்ணைத் துடைத்தார். சிரிப்பில் வந்த தண்ணீர் மட்டும் இல்லை அது. "மத்த வீட்ல ராஜா கதை சொல்லிச் சோறூட்டுவாங்க. நீங்க மான் கதை சொல்லி ஊட்டினீங்க. ஒரு வாய்க்கு ஒரு ஏரி தாண்டும் உங்க மான். இப்ப அவ அதுங்ககிட்டயே போறேங்கறா. எனக்கு மட்டும் அனுப்ப மனசு இருக்கா? ஆனா யாரைக் குத்தம் சொல்ல?"

நான் சொல்ல வந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமலே எழுந்து வந்தேன். தூது போன லட்சணம்!

அதன்பிறகு அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சில்லை. பேச்சில்லை என்றால் அவர் பேசவில்லை. அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். கடையிலும் பனிமான் நின்றுபோனது. "இது தெளிவா, அது தெளிவா" என்ற அளவோடு முடித்து அனுப்பிவிடுவார். வந்தவர்களெல்லாம் சீக்கிரம் விட்டாரே என்று சந்தோஷப்பட்டார்கள்.

இந்தச் சமயத்தில் அங்கே போகிறவர்களுக்குக் கண் சோதனை கட்டாயம் என்று வேலை கொடுத்தவர்கள் சொல்லிவிட்டார்கள். நாள் முழுக்க வெள்ளைப் பனியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், கண்ணில் சிறு கோளாறு இருந்தாலும் எடுக்கமாட்டார்களாம். மகள் நேரே அப்பா கடைக்கு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வேற எங்கயாச்சும் பாத்துக்கோ" என்றார்.

"உங்களவிட நல்லா யாருப்பா பாப்பாங்க?"

நான் அப்போது மூக்குத்தாங்கி உடைந்த என் கண்ணாடியோடு அங்கே நின்றிருந்தேன். சொன்னால் நம்புவீர்களா, அவர் முகம் தெளிந்தது. ஒரு கணக்கு ஓடியது அந்த முகத்தில். ஒரு சின்னக் குறை. கால் பவர். அது போதும், பெண் வீட்டோடு இருந்துவிடுவாள். மூக்கில் இரும்புப் பிரேமை மாட்டினார், விளக்கை அணைத்தார். அவள் கடைசி வரியைத் தடுமாறாமல் படித்தாள். இடது கண்ணை மூடிவிட்டுப் படிக்கச் சொன்னார். படித்தாள். எழுத்துப் பலகையைத் திருப்பி வேறு எழுத்துகள் வைத்தார். படித்தாள். ஒரு வில்லையைப் போட்டு "இப்ப இன்னும் தெளிவா இருக்குமே?" என்று கேட்டார். கேட்ட குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

"மங்கலா இருக்குப்பா."

இன்னொன்று போட்டார். "இது?"

"அதுவும்தான். வெறும் கண்ணுலதான் நல்லாத் தெரியுது."

இருட்டிலேயே வில்லைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். கோளாறு இருக்கிறது என்று அவர் சொல்லியிருந்தால் ஊரில் யாரும் எதிர்த்துக் கேட்கப்போவதில்லை. நானும் கேட்டிருக்கமாட்டேன். வாழ்நாள் முழுக்க ஒருவர் கண்ணிலும் இல்லாத பவரை இருக்கிறது என்று சொல்லாத மனுஷன் அவர். விளக்கைப் போட்டார்.

"ஒண்ணும் இல்ல. நல்ல கண்ணு" என்றார். பிறகு, "உங்கம்மா கண்ணு" என்றார்.

அவளை எழுந்திருக்க விடவில்லை. உள்ளே போய் ஒரு தடித்த பிரேமை எடுத்து வந்தார். அழுத்தமான கறுப்பு வில்லைகளைத் தேய்த்துத் தேய்த்து அதில் பொருத்தினார். பனியில் பட்டுத் தெறிக்கிற வெயில் பக்கவாட்டில் நுழையாதபடி இரண்டு பக்கமும் தோலை வெட்டித் தைத்தார். கம்பியைச் சூடு காட்டி வளைத்து அவள் காதுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தார், எடுத்தார், வளைத்தார், மறுபடி வைத்தார். கண்ணாடி அப்போதே கச்சிதமாக இருந்தது. எனக்கே தெரிந்தது. அவர் நிறுத்தவில்லை, அவளும் அசையவில்லை. என் மூக்குத்தாங்கியை அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை.

அவள் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது கண்ணாடிக்காரரைப் பார்க்கவேண்டும் நீங்கள். துருவத்தைப் பற்றி நாமாகக் கேட்டாலும் சுருக்கமாகத்தான் பதில் வருகிறது. சென்ற வாரம் மகள் கடைக்குப் போன் செய்தாள். கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். மான் கூட்டம் ஏரிக்கரை வரை வந்துவிட்டதாம். வழக்கமாக உறைந்து கிடக்கிற ஏரி இந்தத் தடவை சரியாக உறையவில்லை. முன்னால் வந்த பெட்டை மான் ஒரு காலை வைத்துப் பார்த்து, பின்னுக்கு இழுத்துக்கொண்டதாம். கூட்டம் மொத்தமும் கரையிலேயே நின்றதாம். நின்று பார்த்து, பிறகு ஏரியைச் சுற்றிக்கொண்டு நீண்ட வழியில் நடந்ததாம்.

"நீ ஐஸ் மேல கால வெச்சியா?"

"இல்லப்பா. மான் பின்னாலயே நாங்களும் சுத்தித்தான் போனோம்."

"சாப்டியா?"

"சாப்டேன்."

ஸ்பீக்கரில் அந்த ஊர்க் காற்று இரைந்தது.

"குட்டிங்க?" என்றார்.

"நெறைய நடக்க வேண்டியதாப் போச்சுப்பா. பின்தங்கிடுச்சுங்க. சாயங்காலத்துக்குள்ள எல்லாம் வந்து சேந்துடுச்சு. ஒண்ணு மட்டும் வரல."

போனை வைத்தார். பவுடர் போட்டுத் துடைத்து முடித்திருந்த வில்லையை எடுத்து மறுபடி துடைத்தார். நாற்காலியில், மூக்கில் இரும்புப் பிரேமோடு மாட்டிக்கொண்டிருந்த பஸ் டிரைவர், "என்ன சார் ஆச்சு?" என்று கேட்டார். பழைய கண்ணாடிக்காரராக இருந்தால் அந்த டிரைவர் அன்றைக்கு வண்டி எடுத்திருக்க முடியாது.

"குட்டி ஒண்ணு வரல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இத்தனை வருஷத்தில் அந்த மான்களுக்காக நான் நிஜமாகவே வருத்தப்பட்டது அப்போதுதான்.

என்ன, இவ்வளவு நேரம் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்களா? சிரியுங்கள். நீங்கள் அந்த ரகம் இல்லை என்று எனக்குத் தெரியும். கரை ஒதுங்கிய திமிங்கலத்தின் படத்தைப் பார்த்துவிட்டு நேற்றுச் சாப்பாட்டு மேஜையில் நீங்கள் 'உச்' கொட்டியது சும்மா வாய்ப்பழக்கம்தான். இருந்தாலும் ஒரு காரியம் செய்யுங்கள். அப்போது எதிரில் உட்கார்ந்து, தட்டைப் பார்த்தபடி, நீங்கள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது யார் என்று கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்கள். அந்தப் பிள்ளைக்கு நீச்சல் தெரியுமா?