வெளிச்சம் வாங்கப்போகிறவர்

ஒரு விளக்கை வாங்குவதற்கு முன் அதைப் பற்றி ஒரு மனிதர் எவ்வளவு தெரிந்துகொண்டால் போதும்? எங்கள் ஏரிக்கரை ஊரான தோணிரேவில் ஆதிகேசவனைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி எனக்கு எழும். எவ்வளவு தெரிந்தாலும் போதாது என்பதுதான் அவர் வாழ்க்கை இதுவரை சொல்லிவந்த பதில்.

அவரைத் தனி ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் ஓர் இனம். வாங்கப்போகிறவர் என்று அந்த இனத்துக்குப் பெயர் வைத்துக்கொள்ளலாம். வாங்குகிறவருக்குப் பொருள் கிடைக்கிறது. வாங்காதவருக்கு நிம்மதி கிடைக்கிறது. வாங்கப்போகிறவருக்கு இரண்டும் கிடைப்பதில்லை, அறிவு மட்டும் கிடைக்கிறது. அந்த அறிவை அவர் பிறருக்கு வாரி வழங்குவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். தண்ணீர் மோட்டாரில் ஒருவர், வாஷிங் மெஷினில் ஒருவர், தங்கைக்கு மாப்பிள்ளை பார்ப்பதில் ஒருவர் என்று தெருவுக்கு ஒருவர் இருப்பார். ஆதிகேசவனின் துறை ஃபிளாஷ்.

கேமராவின் தலைமேல் உட்கார்ந்துகொண்டு மாப்பிள்ளையின் நெற்றியில் சுண்ணாம்பு அடிக்கும் ஃபிளாஷ் இல்லை. அதைச் சொன்னால் அவர் முகம் சுளிப்பார். கேமராவை விட்டு விலகி, கம்பி எதுவும் இல்லாமல் ஓர் ஓரமாக நின்று, பொத்தானை அமுக்கிய கணத்தில் பக்கத்திலிருந்து மின்னும் ஃபிளாஷ். அந்த வெளிச்சத்தில் முகம் முகமாக இருக்கும், பின்னால் வானம் வானமாக இருக்கும். இதில் அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. எதை வாங்குவது என்பதில்தான் சந்தேகம். கேமராவே வெளிச்சத்தை அளந்து கொடுக்கும் வகையா, நம் கையால் கூட்டிக் குறைக்கும் வகையா, ரேடியோ அலையில் சேதி அனுப்பும் ட்ரிகரா, இன்னொரு ஃபிளாஷ் மின்னுவதைப் பார்த்துத் தானும் மின்னும் ரகமா, பென்சில் பேட்டரியா, லித்தியமா, கேமரா கம்பெனியின் சொந்தச் சரக்கா, பெயரை வாயில் வைக்க முடியாத கம்பெனியின் மலிவுச் சரக்கா, இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறதே அதுவா? கேட்டால் ஒவ்வொன்றையும் பாராட்டுவார். "நல்லதுதான், ஆனா..." என்பார். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு உங்கள் டீ ஆறிவிடும்.

மீஞ்சூரில் அவர் வேலை பார்க்கும் கம்பெனியின் கேன்டீனில் எதிரே உட்காருபவர் ராபர்ட், அனுப்பம்பட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் கல்யாணப் படம் எடுப்பவர். ஒருநாள் தெரியாத்தனமாக யோசனை கேட்டுவிட்டார்.

"கண்ண மூடிக்கினு அந்தச் சின்னத வாங்கு, ராபர்ட்டு."

"அப்போ நீயும் அதையே வாங்கேன்."

"உனுக்கு அது போதும்பா. நான் வேற மாரி யோசிக்கணும்."

ராபர்ட் வாங்கினார். வரிசையாகக் கல்யாணங்கள் எடுத்தார். அவரோடு சுற்றிச் சுற்றி அந்த ஃபிளாஷின் மூலையில் பெயின்ட்கூட உரிந்துவிட்டது. "இன்னா கேசவா, இன்னும் வீடியோ பாத்துக்கினு கீறியா?" என்று சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டே விசாரித்தார்.

"அவசரப்பட்டுட்ட ராபர்ட்டு. புது மாடல் வருதாம்."

ராபர்ட் அவசரப்பட்டதே தான் சொல்லித்தான் என்பது ஆதிகேசவனுக்கு மறந்துபோயிருந்தது. இந்த இனத்தாருக்கு விவரம் எதுவும் மறக்காது; யாருக்கு என்ன சொன்னோம் என்பது மட்டும் மறந்துவிடும்.

அதற்காக அவர் எதையுமே வாங்கவில்லை என்று பழி போடக்கூடாது. ஃபிளாஷுக்கு வேண்டிய எல்லாவற்றையும் வாங்கிவிட்டார், ஃபிளாஷைத் தவிர. எந்த ஃபிளாஷுக்கும் பொருந்தும் வெள்ளைக் குடை வாங்கினார். எந்த ஃபிளாஷையும் தாங்கும் மூன்று கால் ஸ்டாண்டு வாங்கினார். எந்த ஃபிளாஷும் அடங்கும் அறைகள் வைத்த பை வாங்கினார். அந்த அறைகளில் இப்போது அவர் மனைவி சாந்தி பூண்டு, சீரகம், காய்ந்த இறால் ஆகியவற்றைத் தனித்தனியாக வைத்திருக்கிறார். வெள்ளைக் குடையை அவர் தங்கை வினோதினி நண்டு விற்கப் போகும்போது ஒருமுறை பிடித்துக்கொண்டு போனாள். வெயிலை வடிகட்டி, மிருதுவாக்கி, முகம் முழுக்கச் சமமாகப் பரப்பியது அந்தக் குடை. வினோதினி கறுத்துத் திரும்பினாள்.

இதுவரை இது தமாஷ். வினோதினிக்குக் கல்யாணம் நிச்சயமானதும் தமாஷ் கொஞ்சம் சுருங்கியது.

அவள் நகை பற்றிப் பேசவில்லை, புடவை பற்றியும் பேசவில்லை. ஒரே ஒரு படம் கேட்டாள். நைனா என்று அவள் கூப்பிடும் அப்பாவின் படகில் அவள் உட்கார்ந்திருக்க வேண்டும், பின்னால் ஏரியில் சூரியன் இறங்க வேண்டும். வாக்கப்பட்டுப் போகிற ஊரில் ஏரி கிடையாது. அங்கே சுவரில் மாட்டிக்கொள்ள ஒன்று வேண்டும். செல்போனிலும் அண்ணனின் கேமராவிலும் பலமுறை எடுத்துப் பார்த்தாயிற்று. ஏரி தெரிந்தால் அவள் கரிக்கட்டை. அவள் தெரிந்தால் ஏரி வெள்ளைத்தாள்.

"என் மூஞ்சியும் தெரியணும், ஏரியும் தெரியணும்ணா. அவ்ளோதான்."

உலகத்தில் இந்த ஒரு குறைக்காகவே அந்த விளக்கைக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்லலாம். ஆதிகேசவனும் அதையேதான் சொன்னார், நெடுநேரம், காகிதத்தில் படம் போட்டு. "அதுக்குத்தாண்டி பாத்துக்கினு கீறேன்" என்று முடித்தார். கல்யாணத் தேதி நெருங்கியது. அவர் பாத்துக்கினு இருந்தார். இணையக் கடையின் கூடைக்குள் மூன்று ஃபிளாஷ்கள் போவதும் வருவதுமாக இருந்தன.

கடைசியில் வினோதினி அழுதாள். சத்தமில்லாமல், நண்டுக்குக் கால் கட்டிக்கொண்டே அழுதாள். அதைப் பார்த்து அவர்களின் அப்பா சின்னதம்பி வலையைக் கீழே வைத்தார்.

இந்த இடத்தில் வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஏரியில் வலை போடும் இடத்துக்குப் பாடு என்று பெயர். அந்த இடம் ஒருவருக்கு வரும் முறைக்கும் பாடு என்றுதான் பெயர். நல்ல இடம் எல்லாருக்கும் வேண்டும் என்பதால் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். வந்த இடத்தைப் பற்றி யாரும் முணுமுணுக்கக் கூடாது. அடுத்த முறை வேறு இடம் வரும்.

"எயுதுடா சீட்டுல, மூணு லைட்டு பேரையும்" என்றார் சின்னதம்பி.

"நைனா, இது இன்னா பாடா? லைட்டு. கண்ண மூடிக்கினு எடுக்கிற சமாச்சாரமா இது?"

"ஏரியவே சீட்டுப் போட்டுப் பிரிச்சிக்கிறோம். உன் லைட்டு இன்னா ஏரிய விடப் பெருசா?"

"ஒண்ணுத்துக்கும் இன்னொண்ணுத்துக்கும் எவ்ளோ வித்தியாசம் தெரியுமா?"

"உனுக்குத் தெரியுமில்ல? தெரிஞ்சி இன்னா பண்ண?"

சீட்டுகளைப் போட சாந்தி சொம்பைக் கொண்டுவந்து வைத்தார். வினோதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை விட்டாள். மலிவானது வந்தது. ராபர்ட்டிடம் இருக்கும் அதே சின்னது.

ஆதிகேசவன் சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். முணுமுணுக்கவில்லை, வழக்கம் அவருக்கும் தெரியும். ஆனால் மரியாதையாக ஒன்று கேட்டார்.

"அடுத்த பாடு எப்போ நைனா?"

ஃபிளாஷ் வந்து சேர்ந்தது. கல்யாணத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம் படகைத் தள்ளிக்கொண்டு ஏரிக்குள் போனார்கள். வினோதினி முன்பக்கம், சின்னதம்பி கோலோடு பின்பக்கம், நடுவில் சாந்தியும் ஆதிகேசவனும் அவருடைய உபகரணங்களும். தண்ணீர் இடுப்பளவுக்கு மேல் இல்லாத இடத்தில் படகு நின்றது. சூரியன் தட்டுப்போல இறங்கிக்கொண்டிருந்தது.

எந்த ஃபிளாஷையும் தாங்கும் ஸ்டாண்டைத் தண்ணீரில் நட்டார். அது எந்த ஃபிளாஷையும் தாங்கும். சேறு அதைத் தாங்கவில்லை. மூன்று கால்களும் மூன்று ஆழத்துக்குப் போயின. எடுத்துப் படகுக்குள் நட்டுக் குடையை விரித்தார். கடல்பக்கமிருந்து வரும் கொண்டல் காற்று அதற்காகவே காத்திருந்ததுபோல ஏறிக்கொள்ள, படகு மெல்லத் திரும்ப ஆரம்பித்தது.

"டேய், பாயக் கட்டிக்கினு வந்துட்டியா? ஆந்திராவுக்குப் பூடப்போறோம்!" என்று கோலை ஊன்றினார் சின்னதம்பி.

"குடைய மடிய்யா மொதல்ல!" என்றார் சாந்தி.

வினோதினி சூரியனைத் திரும்பிப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். சூரியனில் பாதி போயிருந்தது. நாளைக்குச் சூரியன் இருக்கும், வினோதினி இருக்கமாட்டாள். யாராவது விளக்கைக் கையில் பிடித்தே ஆக வேண்டும். "குடு, நான் இறங்கிப் புடிக்கிறேன்" என்று சாந்தி புடவையைத் தூக்கிச் செருகினார்.

அப்போது ஆதிகேசவன், எத்தனையோ காலமாக இந்த ஒரு படத்துக்காகவே படித்துவந்த ஆதிகேசவன், கேமராவை மனைவியின் கையில் கொடுத்தார். ஃபிளாஷை எடுத்துக்கொண்டு, பேன்ட்டோடு, செருப்போடு ஏரிக்குள் இறங்கினார்.

"இன்னாய்யா இது? எனக்கு இன்னா தெரியும்?"

"ஒண்ணும் தெரிய வேணாம். அமுக்கு."

கையை உயர்த்தி, கொஞ்சம் வலது பக்கம் தள்ளி, இன்னும் ஓர் அடி பின்னால் போய் நின்றார். யாரையும் கேட்கவில்லை, எதனோடும் ஒப்பிடவில்லை. சாந்தி அமுக்கினார். மின்னியது.

நான் எளிதில் எதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்வதில்லை. அந்தப் படம் நன்றாக இருக்கிறது. முகம் தெரிகிறது, ஏரி தெரிகிறது, முகத்தில் இருப்பது அழுகையா சிரிப்பா என்பதுகூடக் கிட்டத்தட்டத் தெரிகிறது. எடுத்தது சாந்தி என்று ஊரில் பேர். ராபர்ட் பார்த்துவிட்டு, "அண்ணிக்கு ஒரு கேமரா வாங்கிக் குடுப்பா" என்றார். "அதத்தான் பாத்துக்கினு கீறேன்" என்றார் ஆதிகேசவன். இப்போது கேமராக்கள் கூடைக்குள் போய் வருகின்றன.

கேமராவை ஏன் கொடுத்தார்? வினோதினி கேட்டாள், சாந்தி கேட்டார், நானும் கேட்டேன். மூன்று பேருக்கும் லித்தியம் பேட்டரியைப் பற்றிச் சொன்னார். எப்போது அமுக்குவது என்ற கடைசித் தேர்வை யார் தலையிலாவது கட்டிவிடத்தான் கொடுத்தார் என்று சில நாள் தோன்றும். வெளிச்சம் எங்கே நிற்க வேண்டும் என்று அந்தப் படகில் தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்பதால் கொடுத்தார் என்று சில நாள் தோன்றும். முதலாவதில் தர்க்கம் அதிகம். இரண்டாவதில் மனிதர் கொஞ்சம் பெரியவராகத் தெரிகிறார்.

இரண்டில் எது மேல் என்று நீங்கள் இப்போது எடைபோட்டுக்கொண்டிருக்கிறீர்கள், இல்லையா? அவசரம் வேண்டாம், நிதானமாகப் பாருங்கள். மூன்றாவதாக ஒன்றும் வரக்கூடும். வாருங்கள், உட்காருங்கள், நம் இனத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆதிகேசவன் மட்டும் அன்றைக்கு, ஒரே ஒரு சாயங்காலம், செருப்பைக்கூடக் கழற்றாமல் நம்மை விட்டு இறங்கிப் போய்விட்டார்.